சொல் விளக்கம்: கசின் ஜாக்

ஆஸ்வால்ட் பிரையரின் (1881–1971) கேலிச்சித்திரங்களைப் புரிந்துகொள்ள முதலில் தெரிய வேண்டிய சொல் இது. தெற்கு ஆஸ்திரேலியாவின் செப்புச் சுரங்க ஊரான மூண்டாவில் பிறந்து, அந்தச் சுரங்கத்திலேயே வேலை பார்த்தவர் பிரையர். தந்தை அங்கே கேப்டன். கப்பல் கேப்டன் அல்ல. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலின் வழக்கில் சுரங்க மேற்பார்வையாளருக்கு அதுதான் பெயர். அந்தக் கேப்டன்களும் அவர்களிடம் வாய்கொடுக்கும் 'கசின் ஜாக்'குகளும்தான் பிரையரின் கதைமாந்தர்கள்.

அந்தக் கார்ன்வாலிலிருந்து பிழைப்புக்காகக் கடல் கடந்த சுரங்கத் தொழிலாளியே கசின் ஜாக். அப்படிப் போன கார்ன்வால் பெண் கசின் ஜென்னி. 1866இல் கார்ன்வாலின் செப்புத் தொழில் சரிந்ததும் இந்தக் குடிபெயர்வு பெருகியது. நம் கோலார் தங்கவயலுக்கும் அவர்கள் வந்தார்கள். தமிழ்த் தொழிலாளர்களோடு ஒரே சுரங்கத்தில் இறங்கினார்கள்.

பெயர் வந்த விதம் பற்றி ஒரு கதை உண்டு. ஆள் தேவை என்று முதலாளி சொன்னால் போதும், "ஊரில் என் கசின் ஜாக் இருக்கிறான்" என்பார்களாம். கதை அழகாக இருப்பதாலேயே எனக்குச் சந்தேகம். கார்ன்வாலில் உறவே இல்லாதவரையும் 'கசின்' என்று அழைப்பதுண்டு. ஜாக் அங்கே தெருவுக்கு நாலு பேர்.

தமிழில் எப்படிச் சொல்வது? கசினுக்கு லத்தீன் மூலம் 'கொன்சொப்ரீனுஸ்'. தாயின் சகோதரி பிள்ளை என்பது அதன் பழைய பொருள். நமக்கு அந்த உறவு அண்ணன், தம்பிதான், தனிச்சொல்லே வேண்டாம். 'ஒன்றுவிட்ட சகோதரன்' பத்திரப்பதிவு அலுவலக வாடை அடிக்கிறது. 'மச்சான்' தோழமைக்குப் பொருந்தும், ஆனால் பெண் கொடுத்து எடுக்கும் உறவு அது.

என் தேர்வு 'பங்காளி'. முறைப்படி தந்தைவழி உறவுதான். ஆனால் பேச்சில் தோழனையும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். இன்னொரு பொருத்தமும் உண்டு. கார்ன்வால் முறையில் சில தொழிலாளர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு பகுதியை ஏலத்தில் எடுத்து, வெட்டும் தாதுவின் மதிப்பில் பங்கு பெற்றார்கள். மூண்டாவிலும் இந்த முறை இருந்தது. சொல்லுக்குச் சொல் பங்காளிகள்!

கசின் ஜென்னியிடம்தான் மாட்டிக்கொள்கிறேன். 'பங்காளி' நம் பேச்சில் ஆண்களையே குறித்துப் பழகிவிட்டது.