காஞ்சோண்டியின் ஊசி

மாரி மழை ஓய்ந்து தை பிறக்கும்போது திருகோணமலைப் பக்கத்து வேலிகளிலும் பற்றைக்காட்டு ஓரங்களிலும் காஞ்சோண்டி செழித்து நிற்கும். வளவு துப்புரவாக்கப் போகிறவர்களின் கண்ணுக்குப் படுமுன் கையில் பட்டுவிடும். மெல்லிய கொடி, பக்கத்துச் செடியைச் சுற்றிக்கொண்டு ஏறும். இலை நீண்டது, விளிம்பு பல் பல்லாக வெட்டுண்டது. இப்படி எத்தனையோ செடிகள் இருக்கின்றன. அதனால் காயைப் பாருங்கள். மூன்று பிரிவான சின்னக் காய், அதைச் சூழ்ந்து சீப்புப் போலப் பிளந்த பச்சைச் செதில்கள், எல்லாவற்றிலும் சுணை, அதாவது பட்டால் எரியும் மயிர்கள். அப்படி இருந்தால் அது காஞ்சோண்டியேதான். சித்த மருத்துவத்தில் சிறுகாஞ்சொறி, தாவரவியலில் ட்ராகியா இன்வொலுக்ரேட்டா. ஆமணக்கின் குடும்பம்.

ஐரோப்பாவின் அர்ட்டிகா என்ற எரிசெடியும் பட்டால் எரியும், ஆனால் அது வேறு குடும்பம். அதன் சுணையின் நுனி சிலிக்காவால் ஆனது. தொட்டதும் ஒடியும், மயிரே ஊசியாக மாறி ஹிஸ்டமின், அசற்றைல்கோலின் என்ற எரிச்சலூட்டும் இரசாயனங்களைத் தோலுக்குள் இறக்கும். அதே விளக்கத்தைக் காஞ்சோண்டிக்கும் சொன்னால் பிழை.

காஞ்சோண்டியின் சுணையில் நடுவே நீண்ட கலம் ஒன்று, அதை அணைத்தபடி மூன்று கலங்கள். நடுக்கலத்துக்குள் கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்கு ஒன்று ஊசியாக விளைந்திருக்கிறது. கை அழுத்தியதும் நுனியிலுள்ள மெல்லிய சுவர் கிழிகிறது, பளிங்கு வெளியே வந்து தோலைக் குத்துகிறது. அந்தப் பளிங்கில் நீளவாக்கில் ஒரு பள்ளம் உண்டு. கலத்துச் சாறு அதன் வழியாகத்தான் காயத்துக்குள் போய்ச் சேர்கிறது. கிட்டத்தட்ட ஒரு கல்லையே ஊசியாக வளர்த்து வைத்திருக்கும் செடி இது! எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

சரி, பட்டுவிட்டால்? தேய்க்கவே கூடாது. தேய்த்தால் தோலின் மேல் நிற்கும் சுணைகளும் உள்ளே குத்தும். ஒட்டும் டேப்பை அழுத்தி இழுத்து அவற்றை எடுத்துவிட்டு, அப்புறம் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சுணையெல்லாம் மண்ணுக்கு மேலேதான், வேரில் கிடையாது. மருந்துக்கு எடுப்பதும் பெரும்பாலும் வேரைத்தான். காய்ச்சல், இருமல், தோல் அரிப்பு ஆகியவற்றுக்கான கசாயங்களில் அது சேரும். சிங்கள வைத்தியர்களும் வெல் கஹம்பிலியா என்று இதைப் பயன்படுத்துகிறார்கள். எலிகளில் செய்த சோதனைகளில் வேர்ச்சாறு வீக்கத்தைத் தணித்திருக்கிறது. அதை நம்பி வீட்டில் நாமே காய்ச்சிக் குடிக்கலாமா என்றால், கூடாது. எலிக்கு ஒத்துக்கொண்டது மனிதருக்கும் ஒத்துக்கொள்ளும் என்றில்லை, அளவும் தெரிந்திருக்க வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. முறையாகப் படித்த வைத்தியரைக் கேட்பதற்கு நாம் தூரம் போகவேண்டியதில்லை.

ஆனால் இந்தச் சுணையைச் சட்டை செய்யாத உயிரும் இருக்கிறது. ஆமணக்கில் முட்டையிடும் ஏரியட்னே வகைப் பழுப்பு வண்ணத்துப்பூச்சிகள் காஞ்சோண்டியிலும் முட்டையிடும். மனிதர் தொடவே அஞ்சும் அந்த இலையை அவற்றின் புழுக்கள் தின்றே வளர்கின்றன.