வன்னிக் காட்டில் நாற்று நடுமுன்

பொதுக் காட்டில் மீளமைப்புக்கென்று நிதி வந்தால் பலர் முதலில் ஓடுவது நாற்றுமேடைக்கு. போர் நடந்த இலங்கையின் வன்னியில் முதலில் வேண்டியது வரைபடம். மரம் நடும் இடம், நடைபாதை, தீத்தடுப்பு வெளி, சனம் இளைப்பாறும் இடம் எல்லாம் ஒரே வரைபடத்தில் சேர்த்து வரையப்பட வேண்டும். தனித்தனித் திட்டமாகச் செய்தால் பாதை வெட்ட வந்த இயந்திரமே தானாக முளைத்த வீரைக் கன்றுகளை வழித்துக்கொண்டு போய்விடும்.

வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டியது வெடிபொருள் அபாயம். மனிதநேயக் கண்ணிவெடி அகற்றல் 2002 இல் தொடங்கியபோதும் குடியிருப்பு, வயல், பாடசாலைகளுக்கே முன்னுரிமை கொடுக்கப்பட்டது. ஆளில்லாத காடு பின்னுக்கு நின்றது. அதனால் மண்டையோடு பொறித்த சிவப்புப் பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பானது என்று எடுக்கக் கூடாது. திட்ட எல்லையின் ஜிபிஎஸ் புள்ளிகளை மாவட்டச் செயலகம் ஊடாகத் தேசிய கண்ணிவெடி நடவடிக்கை நிலையத்துக்கு அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அகற்றி ஒப்படைத்த காணி என்றால் எந்த ஆழம் வரை துப்புரவாக்கப்பட்டது என்பதையும் கேளுங்கள். நாற்றுக் குழியே 45 சென்ரிமீற்றர் போகும். மலசலகூடக் குழியும் பலகைத் தூணும் அதைவிட ஆழம் போகும். இதைக் கேட்காமல் விடுபவர்கள் அதிகம். பழைய மண் அணை, காவலரண் குழி, துருப்பிடித்த முட்கம்பி தென்பட்டால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். வந்த காலடி தெளிவாகத் தெரிந்தால் அதிலேயே திரும்புங்கள். தெரியாவிட்டால் அசையாமல் நின்று குரல் கொடுங்கள். எந்தப் பொருளையும் தொடாமல் 119க்கு அறிவியுங்கள்.

அடுத்தது எல்லை. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பற்றை மண்டிய வயல்கள் காடு என்று அடையாளமிடப்பட்ட இடங்கள் இங்கு உண்டு. வனவளத் திணைக்கள அலுவலர், கிராம அலுவலர், பக்கத்துக் காணிக்காரர் மூவரும் சேர்ந்து எல்லைக் கல்லுக்குக் கல் நடந்து பார்க்க வேண்டும். ஒருவரின் உறுதிக் காணியில் நட்ட கன்றை அவர் பிடுங்கினால் பிழை அவருடையதல்ல.

இனி மரம். பத்துக்குப் பத்து மீற்றர் சதுரங்களைப் பல இடங்களில் அளந்து, முழங்கால் உயரம் தாண்டிய காட்டுமரக் கன்றுகளை எண்ணுங்கள். சதுரத்துக்குப் பத்துக்கு மேல் இருந்தால் அங்கே நட வேண்டாம். மாட்டை மறித்து, கன்றைச் சுற்றி நாயுண்ணிப் பற்றையை வெட்டிவிட்டாலே போதும். செலவும் குறைவு, பிழைப்பதும் அதிகம்.

உண்மையான வேலை கேட்பது கிரவல் எடுத்த கிடங்குகள். மேல்மண் போய், அடி இறுகிக் கிடக்கும். அதில் நேரே குழி வெட்டி நட்டால் மாரியில் குழிக்குள் நீர் நின்று வேர் அழுகும், கோடையில் அதே மண் கல்லாகும். முதலில் செங்குத்து ஓரங்களை, ஒரு மீற்றர் உயரத்துக்கு மூன்று மீற்றர் நீளம் என்ற சரிவாக இறக்குங்கள். மழைக்கு நீர் நிறைந்த கிடங்கில் சிறுவரும் கன்றுகாலிகளும் ஏற முடியாமல் மூழ்குவது இந்தச் செங்குத்து ஓரத்தால்தான். பிறகு அடியை அரை மீற்றர் ஆழத்துக்குச் சரிவுக்குக் குறுக்காகக் கிளறி, கிடைக்கும் மேல்மண்ணையும் சருகையும் பரப்புங்கள். முதல் மாரியில் ஆத்தி, கொன்றை, வேம்பு. அவை நிழல் தந்த பிறகு வீரையும் பாலையும். மூன்று மீற்றர் இடைவெளியில் ஹெக்ரெயருக்கு ஏறத்தாழ 1,100 கன்று வேண்டும். ஐப்பசியில் முதல் மழைக்கே அவசரப்படாமல் ஒரு முழ ஆழம் ஈரம் இறங்கியபின் நடுங்கள். பையில் சுருண்ட வேரை வெட்டிவிடுங்கள். சுற்றிவர வெட்டிய கிளைகளால் அலம்பல் வேலி கட்டாயம். பட்டி மாடுகள் ஒரு இரவில் தோட்டத்தையே முடித்துவிடும்.

சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று எழும்பினால் நெருப்பு வரும். சித்திரை முடியுமுன் தென்மேற்குப் பக்கத்தில் ஆறு முதல் பத்து மீற்றர் அகலத்துக்குச் சருகை மண் தெரிய வழித்துவிடுங்கள். தேக்கந் தோப்பின் காய்ந்த இலையில் தீ மிக வேகமாக ஓடும். வெடிபொருள் சந்தேகமுள்ள பகுதியில் தீ பிடித்தால் அணைக்க உள்ளே போகக் கூடாது. சூட்டில் அவை வெடிக்கலாம். வெளியே நின்று பாதுகாப்பான பக்கத்தை மட்டும் காக்க வேண்டும்.

உலாவ வரும் சனத்துக்கு ஒன்றரை மீற்றர் அகலத்தில், இரண்டு மூன்று கிலோமீற்றர் வட்டப்பாதை ஒன்று போதும். யானை தண்ணிக்கு இறங்கும் தடத்தை அது வெட்டக் கூடாது. இருக்கைக்கு மேலே பட்ட கிளை இருந்தால் தறியுங்கள். உள்ளே நிற்கும் பட்ட மரங்களை விட்டுவிடுங்கள், பொந்தில் பறவைகள் குடியிருக்கும். குளத்தில் முதலை உண்டு என்பதால் குளிக்கும் இடம் என்று எதையும் காட்டாதீர்கள். வைகாசி முதல் ஆடி வரை பாலைப்பழத்துக்குக் கரடியும் வரும், பழம் பொறுக்க ஊர்ச்சனமும் வரும். அந்த மாதங்களில் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை நாலுக்குப் பிறகும் பாதையை மூடுங்கள். தனியே விடாமல் கூட்டமாகப் பேசிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள்.

வாசல் பலகையில் மரங்களின் பெயரைவிட முக்கியமாக இருக்க வேண்டியவை 1990 அம்புலன்ஸ் இலக்கம், அந்த வாசலின் இலக்கம், பாம்புக்கடிக்கு விஷமுறி மருந்து உள்ள கிட்டிய வைத்தியசாலையின் பெயர். கடிவாயைக் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம், கைகாலை அசைக்காமல் உடனே கொண்டுபோங்கள் என்ற இரண்டு வரியும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். மருந்து இருக்கிறதா என்று வைத்தியசாலையிடம் ஆண்டுதோறும் கேட்டுப் பலகையைத் திருத்துவது யார் பொறுப்பு என்பதையும் திட்டத்திலேயே பெயர் குறித்து எழுதுங்கள்.