புகார் இல்லையென்றாலும் சிகிச்சை உண்டு

“அப்போ கம்ப்ளெயின்ட் கொடுக்கலையே, இனிமே என்ன பண்ண முடியும்?” அமெரிக்கப் படையில் இருந்தபோது பாலியல் வன்முறைக்கோ சீண்டலுக்கோ ஆளானவர்கள் முப்பது வருடம் கழித்து வந்தும் இதையே சொல்கிறார்கள். யாரோ சொல்லி நம்ப வைத்தது இது. சொன்னவர் சில சமயம் ஆஸ்பத்திரி ஊழியராகவே இருப்பதுதான் பொறுக்க முடியவில்லை.

முன்னாள் படைவீரர் துறையான வி.ஏ.வில் இதற்கு எம்.எஸ்.டி. (மிலிட்டரி செக்ஷுவல் ட்ராமா) என்று பெயர். அது நோயின் பெயர் அல்ல, நடந்ததன் பெயர். அதனால் வந்த மனப் பாதிப்புக்கும் உடல் பாதிப்புக்கும் சிகிச்சை இலவசம், மருந்தும் சேர்த்து. புகார் வேண்டாம். பதிவேட்டில் ஒரு வரிகூட வேண்டாம். சாட்சி வேண்டாம். மற்ற வி.ஏ. சேவைகளுக்குத் தகுதி இல்லாதவருக்கும் இது கிடைக்க வழி உண்டு. டிஸ்சார்ஜ் பேப்பரில் ‘அதர் தேன் ஹானரபிள்’ (கௌரவமாக விடுவிக்கப்படவில்லை) என்று இருந்தாலும் கேட்காமல் திரும்பிப் போகாதீர்கள்.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், சிகிச்சையையும் இழப்பீட்டையும் ஒன்றாக நினைப்பதில். ஆதாரம் கேட்பது மாதாமாதம் வரும் இழப்பீட்டுக்குத்தான். அதற்கும் புகார் நகல்தான் வேண்டும் என்றில்லை. பி.டி.எஸ்.டி.க்காக, அதாவது அதிர்ச்சிக்குப் பின் தொடரும் மனப் பாதிப்புக்காக விண்ணப்பித்தால், 21-0781 படிவத்தோடு மறைமுகச் சான்றுகளும் ஏற்கப்படும்: திடீரென்று இடமாற்றம் கேட்ட மனு, நன்றாக இருந்த வேலை மதிப்பீடு சட்டென்று சரிந்தது, சம்பவம் நடந்த வாரத்தில் செய்த கர்ப்பப் பரிசோதனை, குடி கூடியது, அக்காவுக்கு எழுதிய கடிதம், அறைத்தோழரின் வாக்குமூலம். பழைய பெட்டியைக் கிளறிப் பாருங்கள், எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஆண்களுக்கு நடக்காது என்பவர்களுக்கு ஒரு கணக்கு. “படையில் இப்படி ஏதாவது நடந்ததா?” என்று வி.ஏ.வில் கேட்கும்போது பெண்களில் மூவரில் ஒருவரும் ஆண்களில் ஐம்பதில் ஒருவரும் ஆம் என்கிறார்கள். படையில் ஆண்களே மிக அதிகம் என்பதால், ஆம் என்பவர்களை எண்ணிப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆண்கள்தான்.

வி.ஏ.விலும் வெளி கிளினிக்குகளிலும் வேலை பார்க்கும் நம் தமிழ் நர்ஸ்கள், டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கேள்வியை ஸ்க்ரீனைப் பார்த்து டைப் அடித்துக்கொண்டே, கணவரோ மனைவியோ பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கதவு பாதி திறந்திருக்கக் கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். கதவைச் சாத்துங்கள், கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லுங்கள், முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். ஆம் என்று வந்தால் விவரத்தைத் தோண்டாதீர்கள். “சொன்னதுக்கு நன்றி, இதுக்கு உதவி இருக்கு” என்று சொல்லி வழிகாட்டினால் போதும். பெண்ணுறுப்புப் பரிசோதனையில் தொடும் முன் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். “நிறுத்து” என்றால் அந்த நொடியே கையை எடுங்கள். உள்ளே விரித்துப் பார்க்க வைக்கும் கருவியான ஸ்பெகுலத்தை அவரே வைத்துக்கொள்ள விரும்பினால் விடுங்கள். பல் நாற்காலியில் மல்லாக்கப் படுக்க வைப்பதுகூடச் சிலருக்குத் தாங்காது. செக்கப்புக்கு வராதவரை அலட்சியக்காரர் என்று திட்டும் முன் இதை யோசியுங்கள்.

சிகிச்சை ஆயுள் முழுக்க இழுக்காது. நடந்ததைப் பற்றிய எண்ணங்களை மாற்றிப் பார்க்கப் பழக்கும் சி.பி.டி. என்னும் பேச்சு சிகிச்சை சுமார் 12 அமர்வு. நினைவை மெல்ல மெல்ல எதிர்கொள்ளும் பி.இ. 8 முதல் 15 வரை. தொடக்கத்தில் சிலருக்குக் கெட்ட கனவு கூடும். பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள், தெரப்பிஸ்டிடம் சொல்லுங்கள். தூக்கம் வரவில்லையென்று அல்ப்ரசோலம் வகை பதற்றத் தணிப்பு மாத்திரையைக் கேட்டு வாங்காதீர்கள். 2023 வி.ஏ. வழிகாட்டி பி.டி.எஸ்.டி.க்கு அது வேண்டாம் என்றே சொல்கிறது.

முதல் அடிக்கு ஒரு வாக்கியம் போதும். ஒவ்வொரு வி.ஏ. மருத்துவமனையிலும் இதற்கென்றே ஒருவர் இருக்கிறார். போன் செய்து “எம்.எஸ்.டி. கோஆர்டினேட்டரிடம் பேச வேண்டும்” என்று கேளுங்கள், எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை. ஆண் டாக்டரா பெண் டாக்டரா என்பதையும் கேட்டு வாங்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றும் இரவில் அதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம்: நெருக்கடி உதவி எண் 988-ஐ அழைத்து, பிறகு 1-ஐ அழுத்துங்கள்.