கொய்துகில்: அங்கி என்று எழுதாதீர்கள்

டெல்ஃபோஸ் என்ற மடிப்பு வைத்த பட்டு உடையைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் மறுபடி மறுபடி ‘சுருக்க அங்கி’ என்கிறார்கள். இரண்டு சொல்லுமே தப்பு. கொய்துகில் என்பதே பொருந்தும்.

முதலில் பொருள். 1896-இல் கிரேக்கத்தின் டெல்ஃபியில் தேரோட்டியின் வெண்கலச் சிலை ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. அவன் உடுத்தியிருப்பது கணுக்கால்வரை நேர்நேராக மடிப்பு விழும் கித்தோன் என்ற பண்டைய கிரேக்க உடை. அந்தச் சிலையின் பெயரால் வெனிஸில் உடை வடிவமைப்பாளர் மரியானோ ஃபார்ச்சூனி செய்த பட்டு உடைதான் டெல்ஃபோஸ். 1909-இல் பாரிஸில் காப்புரிமை பெற்றார். உடையை உண்மையில் உருவாக்கியவர் தன் துணைவி ஆன்ரியெத் நெக்ரின் என்று அவரே காப்புரிமைத் தாளில் கைப்பட எழுதிவைத்திருக்கிறார். நம் கட்டுரைகளில் அந்த அம்மாள் பெயரையே காணோம்.

கித்தோன் செமிட்டிய மொழிகளிலிருந்து கிரேக்கத்துக்குப் போன சொல். பழைய மெசொப்பொத்தேமிய மொழியான அக்காடியத்தில் ‘கிட்டூ’ என்றால் லினன். ‘கைட்டன்’ என்பது ஆங்கில உச்சரிப்பு, நமக்கு வேண்டாம்.

இனி அங்கிக்கு வருவோம். பாதிரியார் போடுவது அங்கி, பட்டமளிப்பு விழாவில் மாட்டுவது அங்கி. தைத்தது, உள்ளே இன்னொரு உடை இருக்க மேலே போடுவது. கித்தோனோ தறியிலிருந்து இறங்கிய நீள்சதுரத் துணி. தோளில் ஊசி குத்தி, இடையில் கச்சை கட்டி உடுத்துவது. யோவான் சுவிசேஷத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் கித்தோனுக்கு அங்கி என்றுதானே இருக்கிறது என்று கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் அங்கேயே அது தையலில்லாதது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதே மொழிபெயர்ப்பு மத்தேயுவில் கித்தோனை வஸ்திரம் என்றும், அதன்மேல் போர்த்தும் ஹிமாதியோனைத்தான் அங்கி என்றும் வைக்கிறது. மேலாடைக்கு அங்கி, சரி. உடம்பை ஒட்டி விழும் ஆடைக்கு எப்படிப் பொருந்தும்? இடையை இறுக்கும் கார்செட் இல்லாமல் அணிய வந்த உடை டெல்ஃபோஸ்.

‘சுருக்கம்’ அதைவிட மோசம். சுருக்கம் இஸ்திரி போட்டுப் போக்க வேண்டியது. தையற்காரர் சொல்லும் சுருக்கு, நூலை இழுத்துத் துணியைக் குவிப்பது. டெல்ஃபோஸில் இருப்பவை மேலிருந்து கீழ்வரை ஓடும் மெல்லிய மடிப்புகள். எப்படி மடித்தார்கள் என்பது இன்றும் முழுதாகத் தெரியாது. நனைந்தால் மடிப்பு கலைந்துவிடும், அந்தக் காலத்தில் திரும்ப மடித்துத் தர ஃபார்ச்சூனியிடமே அனுப்பினார்கள். மடித்து அடுக்காமல், முறுக்கிச் சுருட்டிச் சிறு பெட்டியில் வைப்பார்கள். பக்கத் தையலோரம் பட்டுக் கயிற்றில் கோத்த முரானோ கண்ணாடி மணிகள் அந்த லேசான பட்டைக் கீழே இழுத்துப் பிடிக்கும்.

இதற்குச் சொல் நம்மிடம் இல்லையா? சேலை கட்டும் ஒவ்வொருவரும் தினமும் வைப்பது கொசுவம். அதன் பழைய வடிவம் கொய்சகம். துணியை மடித்தடுக்குவதைக் கொய்தல் என்றே அகராதி சொல்கிறது. மெல்லிய நல்லாடைக்குத் துகில் இருக்கிறது. ஆகவே டெல்ஃபோஸ், கொய்துகில். பட்டுத் துண்டுகளை இணைத்துத் தைத்ததைத் துகில் எனலாமா என்று கேட்டால், தையல் பக்கவாட்டில் இணைக்கத்தான். உடைக்கு வடிவம் தருவது கொசுவமே.

ஆங்கிலத்தில் ‘கவுன்’ என்று கண்டதும் ‘அங்கி’ என்று தட்டிவிடுகிறவர்கள், அந்த உடையின் படத்தை ஒருமுறையாவது பார்த்துவிட்டு எழுதட்டும். கித்தோனைக் கித்தோன் என்றே எழுதுங்கள். மேல்விளிம்பை வெளியே மடித்துத் தொங்கவிடும் கம்பளி உடை பெப்லோஸ், அது வேறு. அதையும் கித்தோன் கணக்கில் சேர்க்காதீர்கள்.