வெறும் ஹார்மோன்தானா காதல்?

“காதல் என்பது ஆக்ஸிடோசினும் டோபமினும்தான் என்றால், அதில் மதிக்க என்ன இருக்கிறது?” என்று ஒரு கல்லூரி மாணவி எழுதிக் கேட்டிருந்தார். வீட்டில் அவருடைய காதல் பற்றிப் பேச்சு வந்தபோது, “எல்லாம் வயசுக் கோளாறு, ஹார்மோன் பண்ற வேலை” என்று முடித்துவிட்டார்களாம். அறிவியலைச் சாட்சிக்கு இழுத்துவிட்டார்கள், அதனால் அது என்ன சொல்கிறது என்று கேட்டுவிடலாம்.

டோபமின் என்பது ஒன்றை நாடி நம்மை உந்தும் மூளை வேதிப்பொருள். அதன் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 2005இல் ஹெலன் ஃபிஷர், ஆர்தர் ஆரன், லூசி பிரவுன் ஆகியோர் தீவிரக் காதலில் இருந்த 17 பேரின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். காதலரின் படத்தைப் பார்த்ததும் டோபமின் சுரக்கும் நடுமூளைப் பகுதி விழித்துக்கொண்டது. பசித்தவரைச் சோற்றை நோக்கி இழுப்பதும் இதே வழித்தடம்தான்.

ஆக்ஸிடோசினை மாட்டுத் தொழுவத்திலிருந்து தொடங்கினால் நன்றாகப் புரியும். கன்று முட்டி ஊட்டத் தொடங்கியதும் காம்பின் நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி ஆக்ஸிடோசினை ரத்தத்தில் விடுகிறது. அது மடியை அடைந்து, பால் நுண்ணறைகளைச் சுற்றியுள்ள செல்களைச் சுருங்கவைக்க, பால் இறங்குகிறது. கன்று செத்துப்போன மாட்டின் முன் வைக்கோல் கன்றை நிறுத்திப் பால் கறந்தவர்கள் இந்த ஹார்மோனின் பெயர் தெரியாமலே அதைக் கையாண்டவர்கள். பிரசவ வார்டில் வலி வருவதற்காக டிரிப்ஸில் கலந்து ஏற்றுவதும் இதையேதான்.

என்னை மயக்குவது செம்மறியாட்டில் நடப்பது. குட்டி வெளியே வரும்போது கருப்பை வாய் விரிகிறதல்லவா, அந்த விரிதலே மூளைக்குள்ளும் ஆக்ஸிடோசினைத் திறந்துவிடுகிறது. வாசனையை அறியும் நுகர்குமிழ் வரை அது பாய்கிறது. அடுத்த ஓரிரு மணி நேரத்துக்குள் தாயாடு ஈரக் குட்டியை நக்கி நக்கி அதன் வாசனையை மனதில் பதித்துக்கொள்கிறது. அதன் பிறகு பக்கத்து ஆட்டின் குட்டி மடிக்கு வந்தால் முட்டித் தள்ளிவிடும். பாரி கெவர்னும் கீத் கெண்ட்ரிக்கும், சினையாக இல்லாத, ஆனால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கொடுத்துத் தயார்செய்த ஆடுகளின் மூளையில் ஆக்ஸிடோசினைச் செலுத்திப் பார்த்தார்கள். அவை உடனே முன்பின் அறியாத குட்டிகளைத் தாய்போல அரவணைத்தன. ஆயிரம் குட்டிகளுக்கு நடுவில் இந்த ஒன்றுதான் என்னுடையது என்று ஓர் உயிர் தீர்மானிக்கும் இடத்தை நாம் இங்கே பார்க்கிறோம்.

வட அமெரிக்கப் புல்வெளிகளில் ப்ரெய்ரி வோல் என்றொரு சிறு எலியினம் உண்டு. ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்தால் ஒன்றாகவே கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும். அதன் நெருங்கிய உறவான மலை வோல் அப்படியில்லை, கூடியதும் பிரிந்துவிடும். 1992இல் தாமஸ் இன்செலும் லாரன்ஸ் ஷாப்பிரோவும் இரண்டின் மூளையையும் ஒப்பிட்டார்கள். டோபமின் வந்து சேரும் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் பகுதியில் ப்ரெய்ரி வோலுக்கு ஆக்ஸிடோசின் ஏற்பிகள், அதாவது அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் புரதங்கள், நிறைய இருந்தன, மலை வோலுக்குக் குறைவு. கூடும்போது இரண்டு வேதிப்பொருள்களும் அங்கே சந்திக்க, இன்பம் அந்தத் துணையின் வாசனையோடு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. தாயைக் குட்டியோடு பிணைத்த பழைய ஏற்பாட்டையே பரிணாமம் ஜோடிக்கும் எடுத்துக்கொண்டது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நானும் அப்படியே நம்புகிறேன்.

இப்போது வீட்டாரிடம் ஒரு கேள்வி. தாய்ப்பாசத்தை யாராவது “வெறும் ஹார்மோன்” என்று தள்ளியதுண்டா? ஆக்ஸிடோசின் முதலில் தாயின் சொத்து. அதே மூலக்கூறு மகளின் காதலில் வந்தால் மட்டும் கோளாறாகிவிடுவது எப்படி? சாதி, பணம், ஊர்ப்பேச்சு என்று எதிர்ப்புக்கு வேறு காரணங்கள் இருக்கும். அதைச் சொல்லட்டும். மூலக்கூறின் தலையில் பழி போடுவது அநியாயம்.

காதலை ஆராயவே கூடாது என்பவர்களும் உண்டு. 1975இல் அமெரிக்க செனட்டர் வில்லியம் ப்ராக்ஸ்மையர், எல்லன் பெர்ஷீட் என்ற உளவியலாளரின் காதல் ஆய்வுக்கு அரசு 84,000 டாலர் கொடுத்ததைக் கண்டித்து, வீண்செலவுக்கென்றே தான் உருவாக்கிய ‘தங்கக் கம்பளி’ விருதை அறிவித்தார். ஆண் ஏன் பெண்ணைக் காதலிக்கிறான் என்பது மர்மமாகவே இருக்கட்டும் என்பது அவர் வாதம். மணமுறிவிலும் தற்கொலையிலும் இத்தனை பேர் சிதையும்போது, அந்தப் பணம் மிகச் சிறிய தொகை என்பேன்.

ஆராயாத இடத்தில்தான் வசிய மை புகுந்து வியாபாரம் செய்கிறது. இப்போது ஆக்ஸிடோசின் ஸ்பிரேயையும் காதல் மருந்து என்று இணையத்தில் விற்கிறார்கள். ரத்தத்தில் சில நிமிடங்களில் சிதைந்துவிடும், மூளைக்குள் எளிதில் நுழையாத ஒரு பொருளை அடித்துக்கொண்டு யாரையும் வசப்படுத்த முடியாது.

உண்மையில் “ஆக்ஸிடோசின்தான் காதல்” என்ற சமன்பாடே ஆட்டம் கண்டிருக்கிறது. 2023இல் தேவானந்த் மனோலியின் குழு, ஆக்ஸிடோசின் ஏற்பியே இல்லாத ப்ரெய்ரி வோல்களை மரபணுத் திருத்தத்தால் உருவாக்கியது. அவையும் ஜோடி சேர்ந்தன, குஞ்சுக்குப் பால் கொடுத்தன. ஒரு வழி அடைபட்டாலும் பிணைப்பு வேறு வழி தேடிக்கொள்கிறது. ஒற்றை ஹார்மோனைச் சொல்லிக் காதலை முடித்துவைக்க இனி வழியில்லை.

2024இல் கொலராடோவில் ஸோயி டொனால்ட்சன் குழு, வோல்களின் மூளையில் டோபமினை நேரலையாக அளந்தது. அறிமுகமில்லாத வோலைவிடத் தன் துணையை நெருங்கும்போது டோபமின் கூடுதலாகப் பொங்கியது. 4 வாரம் பிரித்துவைத்த பிறகு அந்த வேறுபாடு மறைந்துபோனது. துணையை இழந்து ஆண்டுக்கணக்கில் மீளமுடியாதவர்களின் மூளையில் இந்த மாற்றம் நடக்காமல் போகிறதா என்பதுதான் அந்தக் குழுவின் அடுத்த கேள்வி.