84 எப்படி 21,504 ஆனது?

வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு பொறியியல் மாணவர் கேட்கிறார்: "ஐபி தலைப்பை (இணையப் பாக்கெட்டின் முன்னால் நீளம், முகவரி முதலியவை இருக்கும் பகுதி) நானே நிரப்பி, எதிர்க் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் அனுப்பும் நிரல் எழுதினேன். லினக்ஸில் ஓடுகிறது. நண்பனின் மேக்கில் 'செல்லாத மதிப்பு' என்று மறுக்கிறது. பிழை யாருடையது?"

சௌகார்பேட்டைக் கடையில் விலை கேட்டுப் பாருங்கள். தமிழர் 'இருபத்தொன்று' என்பார், இருபது முதலில். இந்திக்காரர் 'இக்கீஸ்' என்பார், ஒன்று முதலில். இருவரும் ரசீதில் எழுதுவது 21தான். கணினியிலும் இதே கதைதான். 255ஐத் தாண்டிய எண்ணுக்கு ஒரு பைட் போதாது. இரண்டு பைட்டில் பெரிய மதிப்புள்ளதை முதலில் வைக்கும் கணினிகள் உண்டு. இன்டெல் சிப்பும் இன்றைய மேக்கும் சிறியதை முதலில் வைக்கின்றன. இணையத்தில் பெரியதுதான் முதலில் போக வேண்டும். முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று கலிவர் கதையில் அடித்துக்கொள்வார்களே, அங்கிருந்து இந்தத் தகராறுக்கு 1980இல் 'எண்டியன்' என்ற பெயரை எடுத்து வைத்தவர் கணினி விஞ்ஞானி டேனி கோஹன்.

பிங் பாக்கெட்டின் நீளம் வழக்கமாக 84 பைட். நீளத்துக்கு இரண்டு பைட் ஒதுக்கியிருப்பதால், பதினாறின் அடிமானத்தில் எழுதினால் 00 54. இன்டெல் அதைத் திருப்பாமல் படித்தால் 54 00; அதாவது 84 × 256 = 21,504.

(எண்கணித ஜோதிடர்களுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. 12ஐக் கூட்டினாலும் 21ஐக் கூட்டினாலும் அவர்களுக்கு 3தான். வரிசையையே தூக்கி எறிந்துவிடும் கணக்கை நம்பித்தான் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறோம்.)

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். 1980களின் பிஎஸ்டி யுனிக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல், பாக்கெட் வந்ததும் நீளம், துண்டின் இடம் (பாக்கெட்டை உடைத்து அனுப்பினால் இந்தத் துண்டு எங்கே சேரும் என்பது) போன்ற புலங்களைத் தன் கணக்குக்கு வசதியாக அதே நினைவகத்திலேயே திருப்பிப் போட்டுக்கொண்டது. ரா சாக்கெட் (தலைப்போடு பாக்கெட்டை அப்படியே கையாள நிரலுக்குத் தரும் வாசல்) வழியே எட்டிப் பார்த்த நிரலுக்கும் அந்தப் பிரதியே கிடைத்தது. அடுக்களையில் பாதி நறுக்கிய காய் அப்படியே இலைக்கு வந்த மாதிரி. ஒரே தலைப்பில் நீளம் ஒரு வரிசையில், முகவரி இன்னொரு வரிசையில்! அனுப்பும்போதும் அதே கோலத்தில்தான் கேட்டது. பெரியதை முதலில் வைக்கும் கணினிகளில் திருப்புவதற்கே எதுவும் இல்லை. அங்கே இது கண்ணில் படவும் வழியில்லை.

மேக் அந்த பிஎஸ்டி பரம்பரை. நீங்கள் முறைப்படி திருப்பிக் கொடுத்த 84ஐ 21,504 என்று படித்து, கையிலிருக்கும் பாக்கெட் அவ்வளவு நீளமில்லையே என்று தள்ளிவிடுகிறது. லினக்ஸோ நீளத்தைப் பார்ப்பதே இல்லை, தானே எழுதிக்கொள்கிறது. அங்கே தப்பாக எழுதியிருந்தாலும் ஓடியிருக்கும். அதே பரம்பரையில் வந்த இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி 2016இல், 11.0 பதிப்பில், இணைய வரிசைக்கு மாறிவிட்டது.

ஆகவே மேக்கில் மட்டும் நீளத்தையும் துண்டின் இடத்தையும் திருப்பாமல் விடுங்கள். முகவரி மட்டும் இணைய வரிசையிலேயே இருக்கட்டும்.