ஸ்னோடிராப்பின் பெயர் இலையடியில் இருக்கிறது

ஐரோப்பியத் தோட்டங்களில் குளிர்காலம் முடியும் முன்பே தலைகவிழ்ந்து பூக்கும் வெள்ளைப் பூ ஸ்னோடிராப். கலாந்தஸ் என்னும் இந்தப் பேரினத்துக்கு லின்னேயஸ் 1753-இல் பெயரிட்டார். பிரனீஸ் மலையிலிருந்து ஈரான் வரை, இருபதைச் சற்றே தாண்டும் இனங்கள்தான் இதில் உள்ளன. இருந்தும் பெயர்ச்சீட்டுகள் அடிக்கடி தவறுகின்றன. உள்ளிதழின் பச்சைக் குறியை மட்டும் நம்புவதே காரணம்.

முதலில் இதழ்களைப் பாருங்கள். வெளியே மூன்று நீளமாக, உள்ளே மூன்று குட்டையாக இருந்தால் கலாந்தஸ். ஆறும் ஒரே அளவென்றால் அது லியூகோஜம் என்ற வேறு பேரினம்.

அடுத்து, இலைகள் விரியத் தொடங்கும்போதே குனிந்து, அவை உறையைவிட்டு வெளிவரும் இடத்தைப் பாருங்கள். கைகூப்பியதுபோல் இரண்டும் தட்டையாக ஒட்டியிருந்தால் நிவாலிஸ் என்ற இனமாக இருக்கலாம். ஓரங்கள் பின்பக்கம் மடிந்திருந்தால் ப்ளிகேட்டஸ். ஓர் இலை மற்றதைச் சுருட்டி அணைத்திருந்தால் எல்வெசியை அல்லது வொரோனோவியை. எல்வெசியையின் இலை சாம்பல் பூத்திருக்கும், வொரோனோவியையின் இலை பளபளக்கும் பச்சை.

எல்வெசியைக்கு வழக்கமாக இரண்டு பச்சைக் குறிகள் உண்டு. ஒற்றைக் குறி உள்ள வகையும் இருக்கிறது. அதைத்தான் தோட்டக்காரர்கள் பலர் நெடுங்காலம் காகாசிகஸ் என்ற இனப்பெயரால் அழைத்துவந்தார்கள். நிவாலிஸும் ப்ளிகேட்டஸும் அருகருகே இருந்தால் எளிதில் கலக்கும், பிறக்கும் செடியின் இலையோரம் அரைகுறையாக மடிந்திருக்கும். அதற்கு இனப்பெயர் சூட்டாதீர்கள், கலப்பு என்றே எழுதுங்கள்.

இந்தக் கறார் வீண் வேலையல்ல. காட்டுயிர், தாவரங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் கலாந்தஸ் முழுவதும் உள்ளது. துருக்கி எல்வெசியைக்கும் ஜார்ஜியா வொரோனோவியைக்கும் ஏற்றுமதி அனுமதி இனவாரியாகத் தரப்படுகிறது. பெயர் மாறினால், எந்த மலைச்சரிவிலிருந்து எவ்வளவு குமிழ் தோண்டப்பட்டது என்ற கணக்கே பொய்யாகிவிடும். எனவே வாங்கும்போது, நாற்றங்காலில் பெருக்கியதா, காட்டில் எடுத்ததா என்று கட்டாயம் கேளுங்கள்.

குமிழின் தோல் மெல்லியது, உலர்ந்தால் பிழைப்பது அரிது. பூத்து முடிந்ததும் இலையோடு வாங்கி, சுமார் 8 செ.மீ. ஆழத்தில் நடுங்கள். சமையலறையில் வைக்காதீர்கள்: பார்க்கச் சின்ன வெங்காயம் போலிருந்தாலும் நம் விஷமூங்கில் செடியின் குடும்பம், நச்சு உண்டு. நட்டபின் இலை தானே மஞ்சளாகும்வரை வெட்ட வேண்டாம். அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவு அதிலிருந்துதான் குமிழுக்கு இறங்குகிறது.